நாடு திரும்ப முடியாதவரை என்னவென்று எழுதுவது?

புதுவைக்கு அருகே இலங்கைத் தமிழர் தங்கியிருக்கும் கீழ்ப்புத்துப்பட்டு முகாமை வைத்துக் கதை எழுதுவதாகச் சொல்லி, அகதி, ஏதிலி, புலம்பெயர்ந்தவர் இவற்றில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் சரிதான், ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் இன்னொன்று நிற்காதவரை. உங்கள் பாத்திரத்தை யார் துரத்தினார்கள், கையில் என்ன தாள் இருக்கிறது, திரும்பிப் போக எது தடை என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

'புலம்பெயர்ந்தோர்' என்பதில் கட்டாயம் கிடையாது. பட்டினப்பாலையில் புகார் நகரில் 'கலந்தினிது உறையும்' வேற்றுமொழிக்காரருக்குத்தான் அந்தப் பெயர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்து பாரிஸில் குடியேறிய புதுவைக்காரருக்கும் அது பொருந்தும். நினைத்தால் மாசிமகத்துக்கு வந்துபோகக்கூடியவர், 'நானும் அகதிதான்' என்று கவிதை எழுதுவது, கோபித்துக்கொண்டாலும் சொல்வேன், கொஞ்சம் ஓவர்.

'நாடு கடத்தப்பட்டவர்' என்றால் அரசு பிடித்து அனுப்பியிருக்க வேண்டும். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் 1816இல் வேலூருக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். பாரதி அப்படியல்ல. 1908இல் கைதுக்குத் தப்பித் தானாகப் புதுவை வந்து புகலடைந்தவர். 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் பிடித்துக் கடலூர்ச் சிறையில் அடைத்தார்கள். இது தெரிந்தும் 'நாடு கடத்தப்பட்ட பாரதி' என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். திருத்தினால் நம்மைத்தான் தமிழ்த் துரோகி என்கிறார்கள்.

'அகதி' பேச்சிலும் செய்தியிலும் உள்ள சொல். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. சட்டத்தின் கண்ணில் அகதியும் வெளிநாட்டவர்தான். தமிழக அரசு 2021இல் முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. கதை அதற்கு முன்பு நடந்தால் தாசில்தார் வாயில் இந்தப் பெயர் வரக் கூடாது. ஊர்க்காரர் எந்தக் காலத்திலும் 'சிலோன்காரங்க', 'கேம்ப்காரங்க' என்றுதான் சொல்வார். 'ஏதிலி' தனித்தமிழ் மேடைக்கும் சிறுபத்திரிகைக்கும் சரி, உரையாடலில் ஒட்டாது. குறளின் 'ஏதிலார்' அயலார் என்பதும் வாசகர் காதில் விழும்.

அதிகம் தப்பாவது 'நாடற்றவர்'. 1983க்குப் பிறகு படகில் வந்த யாழ்ப்பாணத்தாருக்கு இலங்கைக் குடியுரிமை உண்டு. அவரை அப்படி எழுதாதீர்கள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மலையகத் தமிழர்தான், அதாவது இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள்தான், நாடற்றவர் ஆனார்கள். அவர்களில் இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடிமக்களாக இங்கு வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்', அகதிகள் அல்ல. சிக்கல் முகாமில் பிறந்த பிள்ளைக்கு. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தால் மட்டும் இந்தியக் குடியுரிமை வராது, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். சென்னை இலங்கைத் துணைத் தூதரகத்திலும் பிறப்பைப் பதியாவிட்டால் இரண்டு நாட்டுத் தாளும் இல்லை. 'பதிந்தால் கிடைக்குமே, எப்படி நாடற்றவர்?' என்று சட்டம் படித்தவர்கள் வம்புக்கு வருவார்கள். 'குடியுரிமைத் தாள் இல்லாதவர்' என்று எழுதிவிடுங்கள்.

உரையாடலில் அம்மா 'தாயகம் திரும்ப இயலவில்லை' என்று பேச மாட்டாள். 'ஊருக்குப் போகேலாது' என்பாள். ஏன் போகேலாது என்பதையும் ஓரிடத்தில் சொல்லிவிடுங்கள்: பயமா, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் நடந்ததுபோல் காணி ராணுவத்தின் கையில் போய்விட்டதா, இல்லை இங்கிருந்து வெளியேறும் அனுமதி இன்னும் வரவில்லையா.