பாட்டிலில் நுரைக்கவிட்ட இஞ்சி பீரை வண்டல் கலங்காமல் ஊற்றுவது எப்படி?

அடியில் படிவது ஈஸ்டும் இஞ்சி மாவும்தான். கெடுதல் இல்லை, ருசிதான் மட்டுப்படும். இஞ்சிச் சாற்றை அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் மாவு வெள்ளையாகத் தங்கும். தெளிவை மட்டும் இறுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்தது.

வேலூர் சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் பாட்டில் ஒரே நாளில்கூட வாயு நிரம்பிக் கல்லாக இறுகிவிடும். இறுகியதும் ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி 2, 3 நாள் வையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம், திறக்கும்போதெல்லாம் குலுங்கும். குளிராமல் திறந்தால் பொங்கும் வாயு வண்டலையும் தூக்கிவரும்.

ஊற்றுவது ஒரே சாய்ப்பில். நடுவில் நிமிர்த்தினால் திரும்பும் அலை அடியைக் கலக்கிவிடும். நாலு பேர் என்றால் முதலில் மொத்தமாக ஜக்குக்கு மாற்றுங்கள். கழுத்தருகே கலங்கல் எட்டிப்பார்த்ததும் நிறுத்துங்கள்; கடைசி ஒரு விரற்கடை போனால் போகட்டும்.