ஏழு நாளில் ஸ்கோபஸ் கிடைக்குமா?

ஆய்வுப் பேப்பரை ஜர்னலுக்கு அனுப்பிய நான்காம் நாளே ரிஜெக்ட். அதற்குள் இரண்டு ரிவ்யூவர்கள் படித்திருக்க முடியுமா? — சேலம்

படித்திருக்க மாட்டார்கள். இது டெஸ்க் ரிஜெக்ட். ரிவ்யூவர்களுக்கு, அதாவது பேப்பரை மதிப்பிடும் அதே துறை ஆய்வாளர்களுக்கு, அனுப்பாமல் எடிட்டரே பார்த்துத் திருப்பிவிட்டார். நேச்சர் மாதிரி இதழ்களுக்குப் போகிறவற்றில் பாதிக்கு மேல் இந்தப் படியைத் தாண்டுவதில்லை. ஜர்னலின் தளத்துக்கு நீங்களே போய், அது எந்தத் துறைப் பேப்பர்களை வாங்குகிறது என்று படித்தீர்களா? மூன்று மாதம் காக்கவைத்து அதே பதிலைச் சொல்லாமல் விட்டார்களே, அதுவே உபகாரம்.

மேஜர் ரிவிஷன் (பெரிய அளவில் திருத்தி அனுப்பச் சொல்லும் பதில்) வந்திருக்கிறது. முதல் ரிவ்யூவர் நீட்டச் சொல்கிறார், இரண்டாமவர் வெட்டச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? — கோவை

எடிட்டர் பேச்சை. ரிவ்யூவர் பரிந்துரைப்பவர்தான், முடிவு எடிட்டருடையது. அவருடைய கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள்; எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது அதில் இருக்கும். இல்லையென்றால் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் தனித்தனியாக, வரி எண்ணோடு பதில் வேண்டும். மறுக்கலாம், காரணம் சொல்லி மறுக்க வேண்டும்.

ஒரே பேப்பரை மூன்று ஜர்னல்களுக்கு அனுப்பிவிட்டேன். முதலில் ஏற்பதில் போடலாம் அல்லவா? — திருச்சி

கூடாது. அனுப்பும்போது "வேறெங்கும் பரிசீலனையில் இல்லை" என்று டிக் செய்தீர்களே, அதைப் படிக்கவே இல்லையா? இன்றே இரண்டிலிருந்து வாபஸ் வாங்குங்கள்.

15,000 ரூபாய் கட்டினால் ஏழு நாளில் ஸ்கோபஸ் (ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளம்) பட்டியலில் உள்ள ஜர்னலில் வரும், ரிவ்யூ ரிப்போர்ட்டும் தருவோம் என்று வாட்ஸப்பில் ஒருவர் சொல்கிறார். ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும், அவசரம். நம்பலாமா? — மதுரை

மாதம் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது, தொகை மட்டும் ஏறுகிறது. ரிவ்யூவர் கிடைக்கவே பல ஜர்னல்களில் வாரக்கணக்கில் ஆகும். சம்பளம் இல்லாத வேலை. தன் பாடவேளை, தன் ஆய்வு எல்லாம் போகத்தான் உங்கள் பேப்பரைத் தொடுவார். ஏழு நாளில் ரிப்போர்ட் கையில் என்றால், அதை ஏஜெண்டே தட்டியிருப்பார்.

2013-ல் ஜான் போஹானன் என்பவர் சயன்ஸ் இதழுக்காக ஒரு சோதனை செய்தார். அப்பட்டமான பிழைகள் கொண்ட போலிப் பேப்பர் ஒன்றைச் சுமார் 300 ஓப்பன் ஆக்ஸஸ் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) ஜர்னல்களுக்கு அனுப்பினார். பாதிக்கு மேல் ஏற்றுக்கொண்டன. ஸ்கோபஸ் முத்திரையும் காப்பாற்றாது. 2023-ல் ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் ஜர்னல்களிலிருந்து 8,000-க்கும் மேற்பட்ட பேப்பர்கள் நீக்கப்பட்டன. ரிவ்யூவிலேயே மோசடி நடந்திருந்தது. நீக்கப்பட்டது என்ற முத்திரை உங்கள் பெயரோடு இணையத்தில் அப்படியே நிற்கும்.

கட்டணம் வாங்குவதாலேயே ஒரு ஜர்னல் போலி ஆகிவிடாது. நல்ல ஓப்பன் ஆக்ஸஸ் ஜர்னல்களும் பணம் கேட்கும். பொதுவாகப் பேப்பரை ஏற்ற பிறகு, தளத்தில் போட்டிருக்கும் தொகையை, பதிப்பகத்தின் பெயரில் கேட்கும். யாரோ ஒருவரின் ஜிபே எண்ணுக்குக் கேட்காது. நல்ல ஜர்னலின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு. அதனால் மறுபடி சொல்கிறேன்: ஏஜெண்ட் அனுப்பும் லிங்க்கைத் தொடாதீர்கள், ஜர்னலின் தளத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள்.

அப்புறம், ஆய்வேட்டுக்கு முன் பேப்பர் கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022-லேயே எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று விதிகளைப் பார்த்தீர்களா, சீனியர் சொன்னதோடு சரியா?

ரிவ்யூவர் தன்னுடைய ஆறு பேப்பர்களை மேற்கோள் காட்டச் சொல்கிறார். — நெல்லை

பொருந்துவதைச் சேருங்கள். மற்றவை ஏன் பொருந்தவில்லை என்று எடிட்டருக்கு மரியாதையாக எழுதுங்கள்.

ஐன்ஸ்டைன் காலத்தில் இந்த ரிவ்யூவெல்லாம் இருந்ததா? — தஞ்சாவூர்

இருந்தது, அவருக்குப் பிடிக்கவில்லை. 1936-ல் ஈர்ப்பு அலைகளே இல்லை என்று தன் உதவியாளர் ரோசனோடு சேர்ந்து எழுதிய பேப்பரை ஃபிசிக்கல் ரிவ்யூ என்ற இதழுக்கு அனுப்பினார். எடிட்டர் அதை வெளியே ஒருவரிடம் காட்ட, ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டு வாபஸ் வாங்கிவிட்டார். பேப்பர் அடுத்த ஆண்டு வேறு இதழில் வந்தபோது முடிவு தலைகீழாக மாறியிருந்தது. ரிவ்யூவர் சொன்னதுதான் சரி.

போன வாரம் பேப்பர் அனுப்பினேன், பதிலே இல்லை. நினைவூட்டலாமா? — ஈரோடு

வேண்டாம். மூன்று மாதம் போகட்டும். அப்போதும் பேப்பர் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் ஜர்னலின் பெயர்கூட இல்லை.