பொண்ணு பி.ஏ. ஹிஸ்டரி கேக்குறா – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்க சைட்டை ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவை. திருப்பூர் பக்கம் சின்னதா ஒரு பனியன் யூனிட் வச்சிருக்கேன். பொண்ணு இந்த வருஷம் ப்ளஸ் டூ முடிச்சிருக்கா, நல்ல மார்க். பி.காம் சேரும்மான்னா கேக்கல, பி.ஏ. ஹிஸ்டரி தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. எனக்கு ரெண்டு பயம். ஒண்ணு வேலை, அது எல்லா அப்பனுக்கும் இருக்கறது. இன்னொண்ணு தான் பெருசு. இந்த ஆர்ட்ஸ் டிபார்ட்மென்ட் எல்லாமே ஒரு பக்கமா சாஞ்சு கிடக்குங்கிறாங்க. டெல்லிப் பக்கம் போனா லெஃப்ட், இங்க திராவிடக் கோஷ்டி. லீவு விட்டா கோயில் கோயிலா கூட்டிட்டுப் போகச் சொல்ற பொண்ணு, மூணு வருஷம் கழிச்சு எதுலயும் குத்தம் மட்டுமே கண்டுபிடிக்கிற ஆளா வந்து நிக்குமோன்னு இருக்கு. இன்ஜினியரிங், மேத்ஸ்ல இந்த அரசியல் எல்லாம் இல்லையே? நம்ம வரிப்பணத்துல எதுக்கு சார் கட்சிப் பிரச்சாரம் நடத்தணும்? எல்லாத்தையும் மூடிட்டு ஸ்கில் கோர்ஸா நடத்துனா என்ன? மழுப்பாம சொல்லுங்க.

ஒரு வாசகர், திருப்பூர்

வணக்கம் சார்,

சாய்வு இருக்கான்னா இருக்கு. எங்க டிபார்ட்மென்ட்ல அதெல்லாம் கிடையவே கிடையாதுன்னு சொல்ற புரொபசரை மட்டும் நம்பிடாதீங்க. 1970கள்ல டெல்லி வரலாற்றுத் துறைகள்ல இடதுசாரிங்க கை ஓங்கி இருந்துச்சு, அவங்கள்ல சில பேர் எழுதுன பாடப்புத்தகங்களைத் தூக்கணும்னு 1977ல ஜனதா ஆட்சிக்கு வந்த கையோட கெளம்பினாங்க, அதாவது இந்தச் சண்டை ஆரம்பிச்சு அரை நூற்றாண்டு ஆகப்போகுது. நம்ம ஊர்லயும் சில தலைவர்களைப் பத்தி கிளாஸ்ல ஒரு கேள்வி கேட்டா வாத்தியார் முகம் மாறிடும், அதையும் பார்த்திருக்கேன். ஆனா நம்ம காலேஜ்கள்ல கொள்கை வெறியோட பாடம் எடுக்கிற ஆளை விட, கொள்கையே இல்லாம மஞ்சள் பூத்த நோட்ஸை டிக்டேட் பண்ணிட்டு பெல் அடிச்சதும் கெளம்புற ஆளுதான் ஜாஸ்தி. உங்க பொண்ணு மூளையைச் சலவை பண்றதுக்கு அவங்களுக்கு எங்க சார் நேரம்?

சாய்வு இருக்குன்னு புகார் வந்தா நடைமுறையில என்ன நடக்குதுன்னு பாருங்க. டெல்லி யூனிவர்சிட்டில, இலக்கிய அறிஞர் ஏ.கே. ராமானுஜனோட ‘முந்நூறு ராமாயணங்கள்’ கட்டுரை ஹிஸ்டரி பாடத்துல இருந்துச்சு. 2008ல மாணவர் அமைப்பு ஒண்ணு டிபார்ட்மென்ட்டுக்குள்ள பூந்து அடிச்சு நொறுக்குச்சு, கேஸு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, நாலு நிபுணர்கள் கொண்ட கமிட்டி போட்டாங்க, மூணு பேர் இருக்கட்டும்னு தான் சொன்னாங்க, இருந்தும் 2011ல அகாடமிக் கவுன்சில் அதைத் தூக்கிடுச்சு. அப்படி என்ன தான் எழுதியிருந்தார்னா, வால்மீகியோட அகலிகையையும் கம்பனோட அகலிகையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எங்கெங்க மாறுதுன்னு காட்டியிருப்பார், சமண ராமாயணம், தாய்லாந்து ராமாயணம்னு போவார். அகலிகை மேட்டரை நம்ம ஊர் பட்டிமன்றத்துல பேசாத ஆள் உண்டா? கோயில் திருவிழா மேடையிலயே பேசுவாங்க, மொத வரிசையில உக்காந்திருக்கிற தர்மகர்த்தாவே கை தட்டுவார்.

2020ல நம்ம திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் யூனிவர்சிட்டில எம்.ஏ. இங்கிலீஷ் பாடத்துல இருந்த அருந்ததி ராய் மாவோயிஸ்ட்டுகளைப் பத்தி எழுதுன புத்தகத்தை ஏபிவிபிங்கிற மாணவர் அமைப்பு புகார் கொடுத்ததும் எடுத்துட்டு, மா. கிருஷ்ணனோட இயற்கைக் கட்டுரைகளை வச்சாங்க. கிருஷ்ணன் அருமையான ஆளு, நாவலாசிரியர் அ. மாதவையாவோட பையன், பிறந்ததே திருநெல்வேலில தான், அவரை முன்னாடியே வச்சிருக்கலாம், யாரு வேணாம்னா? அவர் உள்ள வர்றதுக்கு இன்னொருத்தர் வெளிய போகணும்ங்கிறது தான் இடிக்குது. படிக்கிறது ஸ்கூல் பிள்ளைங்க இல்ல, ஓட்டுப் போடற வயசு தாண்டுன எம்.ஏ. பசங்க. அடுத்த வருஷமே டெல்லி யூனிவர்சிட்டில தமிழ் தலித் எழுத்தாளர்கள் பாமாவையும் சுகிர்தராணியையும் மகாஸ்வேதா தேவியோட ‘திரௌபதி’ கதையையும் தூக்குனாங்க, கவுன்சில்ல 15 பேர் எதிர்ப்பு எழுதிக் கொடுத்தும் ஒண்ணும் ஆகல. காங்கிரஸ் ஆட்சி இருந்த மகாராஷ்டிராவுல 2010ல சிவசேனா மிரட்டுனதும் மும்பை யூனிவர்சிட்டி ரோஹின்டன் மிஸ்திரி நாவலை எடுத்துருச்சு, அதனால இதை ஒரே கட்சி ஆட்சிக் கணக்குல மட்டும் எழுதவும் முடியாது.

இன்ஜினியரிங்ல அரசியல் இல்லைங்கிறீங்க. ஐஐடி மெட்ராஸ்ல 2015ல அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தோட அங்கீகாரத்தை எடுத்துட்டு, ஊரே கத்துனதும் திருப்பிக் கொடுத்தாங்களே, அது இன்ஜினியரிங் காலேஜ் தானே.

சரி, ஹிஸ்டரி கிளாஸ்ல என்ன கிடைக்கும்ங்கிறதுக்கு வர்றேன். உங்க பொண்ணுக்கு கோயில் புடிக்கும்னு எழுதியிருக்கீங்க, அதனால உத்திரமேரூரையே எடுத்துக்குவோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல சோழ ராஜா முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ரெண்டு இருக்கு, கி.பி. 919, 921. ஊர் நிர்வாகத்துக்கு ஆள் எடுக்கிற குடவோலை முறை அதுல தான் இருக்கு. ஆயிரம் வருஷம் முன்னாடியே நம்மகிட்ட ஜனநாயகம் இருந்துச்சுன்னு தமிழ்த்தேசியம் பேசுறவரும் சொல்வார், திராவிட மேடையிலயும் சொல்வாங்க, 2020ல புது பார்லிமென்ட் அடிக்கல் விழாவுல பிரதமரும் சொன்னார். நல்ல வாத்தியார் என்ன பண்ணுவார்னா, இவங்க யாரைப் பத்தியும் பேசாம கல்வெட்டு வாசகத்தை அச்சுல எடுத்து கையில குடுத்து வரி வரியா படிங்கன்னு சொல்வார்.

படிச்சா என்ன இருக்கு? அது சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர், சபையும் அவங்க சபை தான். வாரியத்துக்கு, அதாவது சபையோட கமிட்டிக்கு வரணும்னா, கால் வேலிக்கு மேல (வேலிங்கிறது நில அளவு) வரி கட்டுற நிலம் வேணும், சொந்த மனையில வீடு கட்டியிருக்கணும், வயசு 35க்கு மேல 70க்குள்ள, மந்திர பிராமணம்ங்கிற வேதப் பகுதி தெரிஞ்சிருக்கணும். நிலம் உழுதவங்க பேர் ஓலையில ஏறவே ஏறாது. அப்புறம் அதுல ஓட்டே கிடையாது, 30 குடும்பு (இன்னைக்கு வார்டு மாதிரி), குடும்புக்கு குடும்பு பேரை எழுதி குடத்துல போட்டு ஒண்ணும் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க, குலுக்கல் சீட்டு தான் அது. இந்த இடத்துல ‘அப்போ எல்லாம் புருடாவா’ன்னு ஒருத்தன் கேப்பான் பாருங்க, அப்ப தான் வாத்தியார் அடுத்த வரிக்குக் கூட்டிட்டுப் போகணும். வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவன் பேர் குடத்துல போடக்கூடாது, அவனோட சித்தி பெரியம்மா பிள்ளைங்க, அத்தை மாமன் பிள்ளைங்க, மாமனார், மருமகன்னு சொந்தக்காரப் பட்டியல் நீளமா போகுது, அவங்களும் கூடாது, மூணு வருஷத்துக்குள்ள பதவில இருந்தவனும் கூடாது. இன்னைக்கு நம்ம கூட்டுறவு சங்கத்துல, ஏன் சில காலேஜ் நிர்வாகக் கமிட்டிலயே இந்த ரூல் போட்டா எத்தனை பேர் மிஞ்சுவாங்கன்னு சும்மா யோசிச்சுப் பாருங்க.

பெருமை பேச வந்தவனுக்கும் நிலம், வேதம்ங்கிற வரி இடிக்கும், வெறும் ஆதிக்கம்னு ஒதுக்க வந்தவனுக்கும் கணக்குக் காட்டணும்ங்கிற வரி இடிக்கும். 1917ல ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் மியூனிக்ல மாணவர்கள் முன்னாடி பேசும்போது சொன்னதும் இதைத்தான், வாத்தியார் முன்னாடி பசங்க வாயை மூடிட்டு உக்காந்திருக்கணும், அதனால அந்த இடத்துல நின்னு கட்சி பேசக்கூடாது, அவனவன் கட்சிக்கு ஒத்துவராத உண்மையை அவனவனுக்குக் காட்டுறது தான் வாத்தியாரோட முதல் வேலைன்னார். முதல் உலகப்போர் நடந்துட்டிருந்த ஜெர்மனில நின்னு சொன்னார்ங்கிறதையும் சேர்த்துக்கோங்க.

இன்னொண்ணு, சாய்வு இருந்தாலே எழுதுனது வீண்னும் கிடையாது. நீலகண்ட சாஸ்திரி 1930கள்ல சோழர் வரலாறு எழுதுறப்ப சுதந்திரப் போராட்டக் காலம், நம்மகிட்டயும் பெரிய பேரரசு இருந்துச்சுன்னு காட்டணும்ங்கிற துடிப்பு அதுல தெரியும். 1980ல பர்ட்டன் ஸ்டெய்ன்னு ஒரு அமெரிக்கர் வந்து, அப்படி ஒரு மத்திய அரசே கிடையாது, ராஜா பேருக்குத் தான், நாடுன்னு சொல்ற உள்ளூர்ப் பகுதிங்க எல்லாம் தனித்தனின்னு மொத்தத்தையும் கவுத்துப் போட்டார். ஜப்பான் வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமாவும் நம்ம எ. சுப்பராயலுவும் என்ன பண்ணாங்கன்னா, கல்வெட்டுல வர்ற வரிப் பேர், ஆள் பேர், ஊர்ப் பேர் எல்லாத்தையும் வருஷக்கணக்கா உக்காந்து எண்ணுனாங்க, எந்தக் காலத்துல எந்த ஊர்ல எது வருதுன்னு. சாஸ்திரி சொன்ன அளவுக்கும் இல்ல, ஸ்டெய்ன் சொன்ன மாதிரி வெறும் பேருக்கும் இல்லன்னு அதுல தெரிய ஆரம்பிச்சுச்சு. இவங்கள்ல ஒருத்தரைக் கட்சி பார்த்து சிலபஸ்ல இருந்து தூக்கியிருந்தா மத்தவங்க எழுதுனதே பாதி புரியாது. உங்க பொண்ணு இவங்க எல்லாரையும் படிக்கணும், படிச்சு சண்டை போடணும், அதுக்குத் தான் நம்ம வரிப்பணம்.

வேலை விஷயத்துல பொய் சொல்ல மாட்டேன். பி.ஏ. முடிச்ச கையோட யாரும் கூப்பிட்டு வேலை குடுக்க மாட்டாங்க. குரூப் டூ, யூபிஎஸ்சி எழுதுறவங்களுக்கு ஹிஸ்டரி கொஞ்சம் கைகொடுக்கும், பி.எட். போகலாம், தொல்லியல், மியூசியம் பக்கம் போஸ்டிங் கம்மி, போட்டி ஜாஸ்தி. இங்கிலீஷும் கம்ப்யூட்டரும் கூடவே கத்துக்கட்டும். உங்க யூனிட் கணக்கையும் அப்பப்ப பாக்கட்டும், கல்வெட்டுல பாதி கணக்கு தானே.

இப்ப செய்ய வேண்டியதுன்னு பார்த்தா, அட்மிஷனுக்கு முன்னாடி பொண்ணைக் கூட்டிட்டு ரெண்டு மூணு காலேஜுக்கு நேர்ல போங்க. வாத்தியார் எந்தக் கட்சின்னு விசாரிக்காதீங்க, அது டீக்கடையிலயே தெரிஞ்சிடும். லைப்ரரில ஹிஸ்டரி அலமாரி பூட்டியிருக்கான்னு பாருங்க, கல்வெட்டுத் தொகுதி ஒண்ணாவது இருக்கான்னு பாருங்க. தேர்ட் இயர் பசங்க ரெண்டு பேரைப் புடிச்சு, மூணு வருஷத்துல முழுசா படிச்ச புத்தகம் எதுன்னு கேளுங்க, கைடு பேரைச் சொன்னா அடுத்த காலேஜுக்குக் கெளம்பிடுங்க. கல்வெட்டியல் பேப்பர் இருந்து, வருஷத்துக்கு ஒரு தடவையாவது பசங்களை ஃபீல்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னா, அங்க இருக்கிற புரொபசர் சிவப்போ காவியோ கறுப்போ, ஃபீஸைக் கட்டிடுங்க. லிஸ்ட்ல எந்தெந்த காலேஜ் வச்சிருக்கீங்கன்னு எழுதுங்க சார், சிலபஸை நானும் ஒரு தடவை பார்த்துச் சொல்றேன்.