மாகாண சபையிலும் பாராளுமன்றத்திலும் இருந்த ஒருவர் கொழும்பு மேயர் ஆவது பதவி இறக்கமா?

ரோஸி சேனாநாயக்கவை மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2018 இல் அவர் மேயராக வருகிறார் என்றதும் கொட்டாஞ்சேனைப் பக்கம் எங்கள் ஆட்களே, "அமைச்சரா இருந்தவ, இப்ப குப்பை அள்ள வாறா" என்று பகிடி பண்ணினார்கள். எனக்கு அது இறக்கமாகப் படவில்லை.

2002 இல் மலேசியாவுக்கு உயர் ஸ்தானிகராகப் போனார். 2009 இல் மேல் மாகாண சபை, அடுத்த வருடமே பாராளுமன்றம், 2015 ஜனவரியில் இராஜாங்க அமைச்சர், அதே வருடம் ஆகஸ்ட் பொதுத் தேர்தலில் தோல்வி. மாகாண சபையில் அவர் இருந்ததே பலருக்கு நினைவில்லை. கொழும்புக்காரர்களுக்கு மாகாண சபை அப்படித்தான். வாகன வருமான அனுமதிப் பத்திரம் எடுக்கப் போகும்போது மட்டும் ஞாபகம் வரும். ஆனால் சோலைவரி, கான் அடைப்பு, தெருவிளக்கு, கர்ப்பிணிகள் கிளினிக், வீட்டு பிளானுக்கு அனுமதி எல்லாம் மாநகர சபை. சனம் திட்டுவதற்கும் மேயர்தான் முதலில் கிடைப்பார்.

சிக்கல் என்னவென்றால், மேயர் நினைத்தபடி எதையும் செய்ய முடியாது. அரசியலமைப்பின் 13வது திருத்தத்தின்படி உள்ளூராட்சி மாகாணத்துக்கு உட்பட்ட விடயம். மேல் மாகாண சபையின் காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. ஆகவே ரோஸியின் காலத்தில் பெரும்பகுதி மேலே இருந்தது ஆளுநர். அதிலும் 2019 ஜூனில் ஆளுநராக வந்தவர் யார்? 2011 இல் கொழும்பு மேயரான ஏ.ஜே.எம். முஸம்மில்! இவரும் மலேசியாவில் உயர் ஸ்தானிகராக இருந்தவர்தான். ரோஸி மேயராகும் முன்பே போய் வந்தார், முஸம்மில் மேயராக இருந்து முடித்த பிறகு போனார். இருவருடைய கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியில் நகர மண்டபத்துக்கும் கோலாலம்பூருக்கும் ஏதோ பஸ் ஓடுகிறது போல.

குப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஏப்ரல் 14 அன்று சரிந்து உயிர்களைப் பலியெடுத்த மீதொட்டமுல்ல குப்பை மேடு கொழும்பு மாநகர எல்லைக்குள் இல்லை, கொலன்னாவைப் பக்கம். குப்பை நம்முடையது, இடம் வேறொருவருடையது. பிறகு கெரவலப்பிட்டியவில் 2021 இல் குப்பையில் இருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் வந்ததே, அதுவும் நகர எல்லைக்கு வெளியேதான். இப்படியான விஷயத்தில் மாகாணத்தில் யாரைப் பிடிக்க வேண்டும், அமைச்சில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்த மேயர் பாதி வேலையை முடித்துவிடுவார். ரோஸி அந்தப் பழக்கத்தை முழுசாகப் பயன்படுத்தினார் என்று நான் சொல்ல மாட்டேன். அது வேறு கதை.

2023 மார்ச்சில் அவருடைய சபையின் காலம் முடிந்து, 2025 வரை மாநகர ஆணையாளர்தான் நகரத்தை நடத்தினார். இப்போதைய மேயர் வ்ராய் கெலி பல்தசார் 117 பேர் சபையில் 61 வாக்கு எடுத்து வந்தவர். இனி யாராவது மாகாண சபை வழியாக வர நினைத்தாலும், முதலில் அதற்குத் தேர்தல் வைக்க வேண்டுமே.