முட்டுகிற கன்றுக்குப் பாட்டில் பழக்குவது எப்படி?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன். எங்கள் ஜெர்சி கலப்புப் பசு, கன்று ஈன்ற எட்டாம் நாள் செத்துப்போய்விட்டது. கிடாரிக் கன்று, சீம்பால் நன்றாகக் குடித்தது. இப்போது பாட்டிலைக் கொண்டுபோனால் தலையை உதறி என்னை முட்டித் தள்ளுகிறது. நேற்று முழுக்க அரை லிட்டர்கூட இறங்கவில்லை. மூங்கில் குழாயில் ஊற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம், ஊற்றவே வேண்டாம். பால் மூச்சுக்குழலுக்குள் போனால் நிமோனியா வரும், அப்புறம் கன்றைக் காப்பாற்றுவது கஷ்டம். இன்னொன்று, கன்று சப்பிக் குடிக்கும்போது உள்ளே ஒரு மடிப்பு வாய்க்கால்போல மூடிக்கொண்டு பாலை நேராக நான்காம் வயிற்றுக்கு அனுப்பும். ஊற்றினால் அது சரியாக மூடாது. பால் பெருவயிற்றில் தேங்கிப் புளித்துவிடும்.

முட்டுவது கோபத்தால் அல்ல. பால் இறங்கட்டும் என்றுதான் கன்று தாய் மடியை முட்டும், அதையே உங்களிடம் செய்கிறது. முட்டுகிற தெம்பு இருக்கும்வரை எனக்குப் பயமில்லை. எழும்பாமல் படுத்தே கிடக்கும் கன்றுதான் கவலை தரும்.

முதலில் பாலைப் பாருங்கள். 39 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், அதாவது மணிக்கட்டில் விட்டால் நல்ல வெதுவெதுப்பு. ஆறிய பாலைப் பல கன்றுகள் தொடாது. பாட்டிலைக் கவிழ்த்தால் நிப்பிளிலிருந்து சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். சீக்கிரம் குடிக்கட்டும் என்று ஓட்டையைப் பெரிதாக்கினால் புரையேறும்.

பிறகு கன்றின் பின்பக்கத்தைத் தொழுவத்து மூலையில் ஒதுக்கி, கழுத்து உங்கள் இரு கால்களுக்கு நடுவே வரும்படி நில்லுங்கள். பாலில் நனைத்த விரலை வாய்க்குள் விட்டு மேல் அண்ணத்தை மெல்லத் தேய்த்தால் நாக்கு விரலைச் சுற்றிக்கொள்ளும். சப்பத் தொடங்கியதும் விரலோரமாக நிப்பிளை நுழைத்து விரலை உருவிவிடுங்கள். பாட்டில் பசுவின் மடி உயரத்தில் இருக்கட்டும், தலையை வானம் பார்க்கத் தூக்கக் கூடாது. இன்னொரு கையால் கண்ணை மறைத்தால் தாயின் வயிற்றோரம் நிற்பதுபோல அடங்கும். வீட்டில் ஒருவர் வாலடியைச் சொறிந்து கொடுக்கட்டும், தாய் நக்குவது அந்த இடத்தைத்தான். வாலை ஆட்டி, வாயோரம் நுரை கட்டினால் பழகிவிட்டது என்று அர்த்தம். பத்து நிமிடம் முயன்றும் குடிக்காவிட்டால் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள். சண்டை போட்டால் பாட்டிலைக் கண்டாலே ஓடும்.

அளவு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ கன்றுக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர், மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். விடியுமுன் வெட்டுக்குப் போகிறவர் நீங்கள், முதல் வேளையைக் கிளம்புமுன் வைத்துக்கொண்டு தினமும் அதே நேரத்தில் கொடுங்கள். இரண்டாம் வாரம் முடிந்ததும் கன்றுத் தீவனமும் இளம் புல்லும் கொஞ்சம் காட்டலாம்.

பால் பழகியபின் நெற்றியைத் தள்ளி விளையாடாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். இன்று சிரிப்பாக இருக்கும் முட்டு, 200 கிலோ ஆனபின் விலா எலும்பை உடைக்கும். தாடையடியிலும் கழுத்திலும் தடவிக் கொடுத்தால் போதும்.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, தரை ஈரம் கன்றுக்கு ஆகாது. வைக்கோல் போட்டு, நனைந்ததை அன்றே மாற்றுங்கள். பாட்டிலையும் நிப்பிளையும் ஒவ்வொரு வேளையும் வெந்நீரில் கழுவுங்கள். இன்றும் சப்பவே இல்லையென்றால், அல்லது தண்ணீராகக் கழிந்து கண் உள்வாங்கினால், நாளைவரை பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். கால்நடை அவசர ஊர்திக்கு எண் 1962.