கேள்வி – பதில்: மீனுக்குள் போன உலோகம் யார் கையில்?

கேள்வி: ஆய்வுக்காக எடுத்த நன்னீர் மீனின் கல்லீரலில் காட்மியம் என்ற நச்சு உலோகம் நிறைய இருந்தது. ஆனால் பிடித்தபோது மீன் துடிப்பாகத்தான் இருந்தது. அப்படியானால் அந்தக் காட்மியம் உள்ளே என்னதான் செய்கிறது? (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: மொத்த அளவை மட்டும் வைத்து மீன் நலமா இல்லையா என்று சொல்லவே முடியாதம்மா. பல வருடம் மீன் கல்லீரலை அறுத்தவன் நான், இதை அழுத்தமாகவே சொல்கிறேன். செல்லுக்குள் காட்மியம் தனியாகத் திரிவது மிகமிகக் குறைவு. ஏதோ ஒரு மூலக்கூறு அதைப் பிடித்து வைத்திருக்கும். அது எது என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் அது மெட்டல்லோதயோனின். அதன் பிடியில் இருக்கும்வரை காட்மியம் செல்லின் மற்ற பாகங்களைக் கெடுக்காது. 1957இல் மார்கோஷஸ், வாலி என்ற இரு ஆய்வாளர்கள் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தெடுத்த புரதம் இது. மீனிலும் உண்டு. சுமார் 60 அமினோ அமிலங்களே உள்ள குட்டிப் புரதம். அதில் மூன்றில் ஒரு பங்கு சிஸ்டீன் என்ற அமினோ அமிலம். சிஸ்டீனில் இருக்கும் கந்தகம்தான் உலோகத்தைப் பிடிக்கிறது. துத்தநாகமோ காட்மியமோ என்றால் ஏழு அயனிகள், செம்பு என்றால் 12 வரை ஒரே மூலக்கூறில் அடங்கும். வழக்கமாக அங்கே துத்தநாகம் இருக்கும். காட்மியத்தின் பிடிப்பு அதைவிட வலுவானது என்பதால் துத்தநாகத்தை விலக்கிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். விடுபட்ட துத்தநாகமே, இன்னும் மெட்டல்லோதயோனின் செய்யச் சொல்லி மரபணுவைத் தூண்டும். எனக்கு அலுக்காத விஷயம் இது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கல்லீரலைப் பனிக்கட்டியின் மேல் வைத்து நறுக்கி, குளிர்ந்த கரைசலில் அரைத்து, புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசையில் சுழற்றினால் மேலே செந்நிறத் தெளிவு நிற்கும். அதை 70 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள். மற்ற புரதங்களில் பெரும்பாலானவை திரிந்த பால் போலக் கட்டிக்கொள்ளும். மறுபடி சுழற்றினால் வரும் தெளிந்த நீரில், திரியாமல், காட்மியத்தை விடாமல் பிடித்தபடி மெட்டல்லோதயோனின் இருக்கும். புரதங்களைப் பிரிக்கும் குழாயில் (column) அதை ஓட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். புரதம் என்றாலே நாம் 280 நானோமீட்டர் அலைநீள ஒளியில்தான் அளப்போம். அங்கே இது தெரியாது. அந்த ஒளியை உறிஞ்சும் அமினோ அமிலங்கள் இதில் இல்லை. வரைபடத்தில் வெறும் சமவெளி. காட்மியம் அளக்கும் கருவியிலோ அதே இடத்தில் ஒரு சிகரம். முதன்முறை பார்த்தபோது கருவிதான் பழுது என்று நினைத்து அரை நாளை வீணடித்தேன்.

அதற்காக உங்கள் மீன் தப்பித்தது என்று எழுதிவிடாதீர்கள். மெட்டல்லோதயோனின் நிரம்பிய பிறகுதான் உலோகம் மற்ற இடங்களுக்கு வழியும் என்று முன்பு நம்பினோம். கனடாவின் சுரங்க வட்டார ஏரிகளில் மஞ்சள் பெர்ச் மீன்களை ஆராய்ந்தபோது, உலோகம் குறைவாக இருந்த மீன்களில்கூட ஒரு பங்கு, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலும், சூட்டில் திரியும் புரதங்களிலும் இருந்தது. ஆகவே சூட்டில் கட்டிக்கொண்ட அந்தப் புரதங்களையும் தூக்கி எறியாமல் அளந்து பாருங்கள்.

கேள்வி: செம்பு கலந்த தண்ணீரில் மீன் ஓரிரு நாளிலேயே செத்துவிடுகிறதே, கல்லீரல் காப்பாற்றாதா?

பதில்: அந்த விஷயம் செவுளிலேயே முடிந்துவிடுகிறது. நன்னீர் மீனின் உடம்பிலிருந்து உப்பு எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். தண்ணீரிலிருந்து சோடியத்தை இழுத்து ஈடுகட்டுவது செவுள்தான். செம்பு சோடியம் நுழையும் வாயில்களிலும், சோடியத்தை உள்ளே தள்ளும் நொதியிலும் ஒட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் சோடியம் சரிந்து மீன் சாகிறது. காட்மியமும் துத்தநாகமும் கால்சியத்தின் வழியை அடைக்கும். கடின நீரில் கால்சியமே போட்டிக்கு நிற்பதால் நச்சு குறையும். செவுளில் ஒட்டியதை அளக்காமல் கல்லீரலை மட்டும் பார்த்தால் இந்தச் சாவுக்குக் காரணம் கிடைக்காது.

கேள்வி: மீனில் உள்ள பாதரசம் வேகவைத்தால் போய்விடுமா?

பதில்: போகாது. மீனின் தசையில் இருப்பது பெரும்பாலும் மெத்தில் பாதரசம் என்ற பாதரசச் சேர்மம். தசைப் புரதத்தின் சிஸ்டீனோடு பிணைந்திருக்கும். சூட்டில் புரதம் குலையும், இந்தப் பிணைப்பு விடாது. கொழுப்பில் இல்லாததால் தோலையும் கொழுப்பையும் நீக்கியும் பயனில்லை. வேகும்போது நீர் வற்றுவதால், ஒரு கிராமுக்கு உள்ள பாதரசம் சற்றுக் கூடவே செய்யும்.