வெப்வியூவில் பிராக்ஸி ஏறவில்லை: பதில்

உங்கள் ஆண்ட்ராய்ட் செயலியில் பிராக்ஸி (இணையக் கோரிக்கைகளை இடையில் நின்று கடத்தும் சர்வர்) கொடுத்தும் வெப்வியூவில் பக்கம் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஓகேஎச்டிடிபியில் (கோரிக்கை அனுப்பும் லைப்ரரி) கொடுத்த பிராக்ஸி அந்த லைப்ரரிக்கு மட்டும்தான், செயலிக்குள் வலைப்பக்கத்தைத் திறக்கும் வெப்வியூ அதைக் கண்டுகொள்ளாது. அதனால்தான் நாகர்கோவில் கல்லூரி லேபில் உங்களுக்கு ஏபிஐ பதில் (செயலி சர்வரிடம் கேட்டு வாங்கும் தரவு) எல்லாம் வந்தும் பக்கம் மட்டும் வெள்ளையாக நிற்கிறது. வெப்வியூவுக்குத் தனியாக, ஆண்ட்ராய்ட்எக்ஸ் வெப்கிட் லைப்ரரியில் உள்ள பிராக்ஸிகன்ட்ரோலரின் செட்பிராக்ஸிஓவர்ரைடை அழைக்க வேண்டும்.

அதையும் செய்தேன், பலனில்லை என்கிறீர்கள். என் சந்தேகம், அடுத்த வரியிலேயே பக்கத்தை ஏற்றும் லோட்யூஆர்எல் போட்டிருப்பீர்கள். செட்பிராக்ஸிஓவர்ரைட் அழைப்பு உடனே முடியாது, அதோடு கொடுக்கும் லிசனர் (வேலை முடிந்ததும் ஓடும் கோடு) ஓடிய பிறகுதான் பக்கத்தை ஏற்ற வேண்டும். மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்குச் செயலி செய்தபோது எனக்கு இதிலேயே ரெண்டு ராத்திரி போச்சு.

ஒரு சோதனை: கேஷை அழித்துவிட்டு, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் திறங்கள். பிராக்ஸியாகக் கொடுத்த லேபின் உள்முகவரி அங்கே எட்டாது, ஆகவே பிழைதான் வர வேண்டும். பக்கம் அழகாக வந்தால் பிராக்ஸி ஏறவே இல்லை. (ஆட்-டைரக்ட் விதி, அதாவது பிராக்ஸி இல்லாமல் நேராகப் போக விடும் விதி, சேர்த்திருந்தால் முதலில் அதை எடுங்கள், இல்லையென்றால் நேர்வழியில் போய் ஏமாற்றிவிடும்.)

பிராக்ஸி முகவரியாக 127.0.0.1 கொடுத்திருந்தால் அது போனையே குறிக்கும், உங்கள் கணினியை அல்ல. எமுலேட்டர் (கணினியிலேயே ஓடும் போலி போன்) என்றால் கணினியைக் குறிக்க 10.0.2.2 கொடுங்கள்.

அப்புறம், இந்த அமைப்பு செயலியில் உள்ள எல்லா வெப்வியூவுக்கும் சேர்த்துத்தான், ஒன்றுக்கு மட்டும் கொடுக்க வழியில்லை. பழைய வெப்வியூ உள்ள போனில் செயலி விழுந்துவிடும், அதனால் பிராக்ஸி ஓவர்ரைட் வசதி இருக்கிறதா என்று வெப்வியூஃபீச்சரில் கேட்டுவிட்டே அழையுங்கள். ஐபோனில் இதே வேலைக்கு ஐஓஎஸ் 17 வேண்டும்.